ஆராய்ச்சிக் கப்பலில் நம் கிராம இளைஞர்

தொழில் என்றதும் கும்மிடிப்பூண்டி வட்டார மக்களின் நினைவுக்கு வருவன சிப்காட் வளாகத்து ஆலைகளே. பழவேற்காடு ஏரிக்கரையில் வாழ்வோருக்கோ வலையும் படகும் நினைவில் எழும். பட்டறைத் திறமையும் கடற்பழக்கமும் ஒருங்கே பயன்படும் தொழில் ஒன்று உண்டு. அதுவே கடலாராய்ச்சிக் கப்பல்களில் பணிபுரியும் தொழில்நுட்பரின் தொழில். அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1966-இல் நிறுவப்பெற்றது. அதன் 'கவேஷணி' கப்பல் 1976-இல் பணி தொடங்கியது. 1983-இல் 'சாகர் கன்யா' வந்தது. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1993-இல் நிறுவப்பெற்றது. 'சாகர் நிதி' என்னும் பெருங்கப்பலும், 2021-இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற 'சாகர் அன்வேஷிகா'வும் இக்கழகத்தைச் சார்ந்தவை. இவை நம் மாவட்டத்திற்கு அருகிலேயே இருந்தும் இவற்றைப்பற்றி நம் கிராமங்களில் அறிந்தோர் சிலரே.

கப்பலில் எதை அளப்பது என்று முடிவு செய்பவர் விஞ்ஞானி. அளக்கும் கருவியைப் பழுதின்றி இறக்கி, பத்திரமாக ஏற்றுபவர் தொழில்நுட்பர். கடல்நீரின் மின்கடத்துத் திறன், வெப்பநிலை, ஆழம் ஆகியவற்றை அளக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். மின்கடத்துத் திறனிலிருந்து நீரின் உப்பளவு கணிக்கப்படும். கருவியைச் சுற்றி வட்டமாக நீர்க்குப்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். வின்ச்சிலிருந்து கம்பி வடத்தில் இது கடலுள் இறங்கும்; வேண்டிய ஆழத்தில் மேலிருந்து குறிப்பு அனுப்பினால் ஒரு குப்பி மூடிக்கொண்டு அவ்விடத்து நீரைச் சிறைப்படுத்தும். வடத்தின் முனைக்கட்டு தளர்ந்தால் விலையுயர்ந்த கருவி முழுவதும் கடலடியில் போய்விடும். உணரிகளை நன்னீரால் கழுவாவிட்டால் உப்புப் படிந்து அளவு பிழைபடும். பிழையான அளவு, அளவே இல்லாமையினும் தீது.

இதனால் கிராமத்தானுக்கு என்ன பயன் என்று சிலர் வினவலாம். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகள் காற்றையும் அலையையும் நீரின் வெப்பத்தையும் அளந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அறிவிக்கின்றன. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையருகே கரை கடந்து நம் மாவட்டத்தையும் தாக்கியதை யாரும் மறந்திரார். அத்தகைய புயல்களை முன்னறிய உதவும் சாதனங்களுள் இம்மிதவைகளும் உள்ளன. இவற்றை நிறுவுவதும் மீட்பதும் செப்பனிடுவதும் கப்பல் தொழில்நுட்பரின் கைவேலையே. மிதவையின் நிழலில் மீன் கூடும் என்பதால் சிலர் அதில் படகைக் கட்டுகின்றனர், கருவிகள் சேதமடைகின்றன. சேதமுற்ற மிதவை புயல் நாளில் ஊமையாகிவிடும். மிதவையைத் தன் கையால் நிறுவிய இளைஞன் ஒருவன் குப்பத்தில் இருப்பானாயின், அவன் சொல்லுக்கு ஆயிரம் அறிவிப்புப் பலகைகளினும் மதிப்பு மிகுதி.

வகுப்பறைப் பயிற்சி மட்டும் இத்தொழிலுக்குப் போதாது. பட்டறையின் தரை ஆடாது. கப்பலின் தளம் ஓயாது ஆடும். நடுக்கடலில் உதிரிப்பாகம் வாங்கக் கடையும் இல்லை. அமெரிக்காவில் தொழிற்கல்வி மாணவர்களை ஆராய்ச்சிக் கப்பலில் அனுபவமிக்க தொழில்நுட்பருடன் சில வாரங்களோ மாதங்களோ பணிபுரியச் செய்யும் முறை உண்டு. மாணவன் முதலில் தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் அணிந்து முடிச்சுப் போடவும், நீர் மாதிரி எடுக்கவும் கற்பான். பின்னர் மேற்பார்வையில் வின்ச்சை இயக்குவான். நடந்தவற்றை நேரம் தவறாது பதிவேட்டில் எழுதுதலும் பயிற்சியின் பகுதியே.

நம் இளைஞர்களுக்கு வழி யாது? 1963-இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளக் கப்பலியல் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை சென்னை இராயபுரத்தில் உள்ளது. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குக் கப்பல் செலுத்துதலிலும் கப்பல் எந்திரப் பணியிலும் ஈராண்டுப் பயிற்சியை இந்நிறுவனம் அளிக்கிறது. கடற்பயிற்சியும் அதில் அடங்கும். இது மீன்பிடி கப்பல்களை முதன்மையாகக் கருதியதாயினும் அடிப்படைத் திறன் ஒன்றே. ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ், டீசல் மெக்கானிக் பயின்றவர்களின் கைத்திறனும் கப்பலில் வேண்டப்படுவதே. மேற்படிப்பை நாடுவோர்க்குப் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது.

ஆராய்ச்சிக் கப்பல்கள் சிலவே. ஆகவே இடங்களும் சிலவே. இதனை மறைத்து ஆசை காட்டுதல் முறையன்று. எனினும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலும் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலிலும் இதே திறமைக்கு இடமுண்டு; கற்றது வீண்போகாது.

ஓர் எச்சரிக்கையும் கூறுவோம். கப்பல் வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பெருந்தொகை பெறும் முகவர்களை நம்பி, நிலத்தையும் நகையையும் அடகு வைத்த குடும்பங்கள் உண்டு. கப்பற் பணிக்கு ஆள் சேர்ப்போர் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். உரிமத்தைச் சரிபாராமல் ஒரு ரூபாயும் கொடுத்தலாகாது.

ஊராட்சியினரும் ஆசிரியர்களும் செய்யத்தக்கது எளியதே. பத்தாம் வகுப்பு மாணவரிடையே கணிதத்திலும் அறிவியலிலும் ஊக்கமுடையோரைக் கண்டறிக. பயிற்சி அறிவிப்புகளைக் கிராம சபையில் படித்துக் காட்டுக. விண்ணப்பம் நிரப்ப உதவுக. கடலை அறிந்த குடியிற் பிறந்தவன் கருவியையும் அறிவானாயின், அவன் வாழ்வு உயர்வதோடு கரையோர மக்களின் பாதுகாப்பும் உறுதிப்படும்.