தூண்டிலுக்கும் உண்டு லைசென்ஸ்!

ஒரு கழி, ஒரு தூண்டில் முள், நாலு மண்புழு, நிறையப் பொறுமை. ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்க இவை போதாதா? அமெரிக்காவில் போதாது! அங்கே குடியிருக்கும் உங்கள் மகள், கோடை விடுமுறைக்குப் பிள்ளையை வேறு மாநிலத்திலுள்ள பெரியப்பா வீட்டுக்கு அனுப்புகிறாளா? துணிமணிகளோடு இந்த விஷயத்தையும் சொல்லி அனுப்பும்படி எழுதுங்கள்.

அந்த நாட்டில் தூண்டில் லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநில சர்க்கார். ஆகவே மாநிலத்துக்கு ஒரு சட்டம். 16 வயதுப் பையன் டெக்ஸாஸில் லைசென்ஸ் இல்லாமலே தூண்டில் போடலாம். அங்கே 17 வயதிலிருந்துதான் கட்டாயம். கலிபோர்னியாவிலோ 16 வயதிலேயே வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 15!

அலாஸ்காவில் இன்னும் வேடிக்கை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு 18 வயது ஆகும் வரை லைசென்ஸ் தேவையில்லை. வெளி மாநிலப் பிள்ளைகளுக்கு 16 வயதிலேயே தேவை. 17 வயதான பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிடித்தாலும், உள்ளூர்க்காரனுக்குக் கவலையில்லை. விருந்தாளியிடம்தான் லைசென்ஸ் இருக்க வேண்டும்!

பெரியப்பாவின் லைசென்ஸை இரவல் வாங்கிக்கொள்ளலாமே என்கிறீர்களா? கூடாது. ஒருவர் லைசென்ஸ் மற்றவருக்குச் செல்லாது. "பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டேனே!" என்றாலும் பொதுவாகத் தப்ப முடியாது. தூண்டில் போட்டாலே லைசென்ஸ் வேண்டும்; இல்லாவிட்டால் அபராதம். ஆசையாய் விருந்துக்குப் போன இடத்தில் பிள்ளைக்கு அந்த அவமானம் எதற்கு?

மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் எந்த மாநில லைசென்ஸும் செல்லாது. பூங்காவே கொடுக்கும் அனுமதிச் சீட்டுதான் வேண்டும். 16 வயதானவர்கள் பணம் கட்ட வேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் இலவசச் சீட்டு வாங்கலாம், அல்லது சீட்டு வைத்திருக்கும் பெரியவர் மேற்பார்வையில் பிடிக்கலாம்.

இத்தனை கெடுபிடி எதற்கு? எல்லாரும் இஷ்டம்போல் பிடித்தால் மீன் மிஞ்சுமா? மீன் குஞ்சுகளை வளர்த்து ஏரியில் விடவும், காவல் காக்கவும் பணம் வேண்டுமே! 1950-ல் இயற்றிய டிங்கெல்–ஜான்சன் சட்டப்படி தூண்டில் சாமான்களின் மீதான வரியை மாநிலங்களுக்குப் பங்கிடுகிறார்கள். லைசென்ஸ்காரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் பங்கு அமையும். லைசென்ஸ் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அந்தப் பங்கு கிடையாது.

வெளியூராருக்குக் கட்டணம் பெரும்பாலும் அதிகம்தான். ஆனால் பல மாநிலங்களில் ஓரிரு நாளுக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கலாம். ஜூன் மாதத்தில் லைசென்ஸே கேட்காத இலவச நாட்களும் பல இடங்களில் உண்டு. அன்றும் இத்தனை மீன்தான் பிடிக்கலாம் என்ற கணக்கு மாறாது.

புறப்படுமுன் பார்க்க வேண்டியவை மூன்றே: பிள்ளையின் வயது, போகிற மாநிலம், தங்கும் நாட்கள். அந்த மாநில மீன்வளத் துறையின் இணையதளத்தில் ஐந்து நிமிஷத்தில் விவரம் தெரிந்துவிடும். பிறகு மீன் கடிப்பது பிள்ளையின் அதிர்ஷ்டம்!