நடிப்பும் படமும்

கதை சிறவாத படத்தை ஒருவரது நடிப்புக்காக மட்டும் காணலாமா? 1964-ஆம் ஆண்டில் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த 'நவராத்திரி' இவ்வினாவை எழுப்புகிறது. அது சிவாஜி கணேசனின் நூறாவது படம். தந்தை ஏற்பாடு செய்த மணத்திற்கு இசையாத நங்கை ஒருத்தி வீட்டைவிட்டு வெளியேறி, ஒன்பது இரவுகளில் ஒன்பது ஆடவரைச் சந்திக்கிறாள். தற்செயல் நிகழ்ச்சிகளே கதையை நடத்திச் செல்கின்றன. மணிகளைக் கோத்த நூல் மிக மெல்லியது.

ஆயினும் ஒன்பது சுவைகளுக்கும் உரிய அவ்வொன்பதின்மராகவும் நடிப்பவர் ஒருவரே. வேடம் மாறுவது வியப்பன்று. அஃது ஒப்பனையாளர் தொழில். குரலும் நடையும் பார்வையும் மாறுகின்றனவே, அதுவன்றோ கலை! மருத்துவரின் கனிந்த குரலைக் கேட்டவர், சினம் மிக்க கொலைகாரனின் குரலும் அவருடையதே என எளிதில் நம்பார். தெருக்கூத்துக் காட்சியில் உடன் நடிக்கும் சாவித்திரியும் அவருக்கு இளைத்தவரல்லர்.

பாட்டைப் படத்திலிருந்து பிரித்துக் கேட்டு மகிழலாம். நடிப்பை அங்ஙனம் பிரிக்க இயலாது. ஆதலின் கதை மெலிந்தது என்று இப்படத்தை ஒதுக்குவோர் அவ்வொன்பது மனிதரையும் காணாது இழப்பர். நடிப்பு கதையின் குறையை நீக்கவில்லை; அக்குறையைப் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது. இக்கதை 1966-இல் தெலுங்கிலும் 1974-இல் இந்தியிலும் மீண்டும் படமாயிற்று. அங்கும் ஒன்பது வேடங்களையும் ஒருவரே ஏற்றனர்: தெலுங்கில் அக்கினேனி நாகேசுவரராவ், இந்தியில் சஞ்சீவ் குமார்.