உப்புக் கொட்டிப் போட்ட சாலை

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடிக்குள் கையை விட்டிருக்கிறீர்களா? பிசுபிசுவென்று ஒட்டும். யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உப்பே இழுத்துக்கொண்டது. கல் உப்பு இன்னும் அதிகமாகக் கசியும். அதில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். ஈரத்தை இழுப்பதில் அது பெரிய பேராசைக்காரன்!

அந்தப் பேராசையை நம்பி ஒரு நாட்டில் சாலையே போட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் நமீபியாதான் அது. பரப்பு 8 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்களோ சுமார் 30 லட்சம் பேர்தான். ஓர் ஊரைத் தாண்டினால் அடுத்த ஊர் எங்கேயோ இருக்கும். எல்லாவற்றுக்கும் தார் போடக் கட்டுபடியாகுமா? அதனால் அங்கே பெரும்பாலானவை சரளைச் சாலைகள். நமீப் பாலைவனம் அட்லாண்டிக் கடலைத் தொடும் கரையோரத்தில் மட்டும் உப்புச் சாலை.

ஜிப்சம் கலந்த பாலைவன மண்ணைப் பரப்புகிறார்கள். (கை முறிந்தால் போடும் மாவுக்கட்டுக்கு மூலப்பொருள் இதே ஜிப்சம்தான்.) அதன்மேல் அடர்ந்த உப்புநீரை ஊற்றி ஊறவைத்து, ரோலர் ஏற்றி இறுக்குகிறார்கள். வெயிலில் நீர் ஆவியாகிவிடும். மிஞ்சும் உப்புப் படிகங்கள் மண் துகள்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வண்டிகள் ஓட ஓடச் சாலை கறுத்து வழவழப்பாகிவிடும். புதிதாக வருபவர் தார் ரோடு என்றே நினைப்பார்.

வெயில் தொடர்ந்து காய்ந்தால் இது பொடிந்து தூசியாகாதா? இங்கேதான் கடல் கைகொடுக்கிறது. பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி ஓடுகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிக் கரையேறும். ஆண்டில் 100 நாளுக்கு மேல் பனிதான், மழையோ பேருக்குத்தான். பனியின் ஈரத்தை உப்பு இழுத்து வைத்துக்கொள்வதால் சாலை பொடியாவதில்லை. நல்ல மழை கொட்டும் ஊரில் இதே சாலையைப் போட்டால் கரைந்தே போய்விடும்!

உள்நாட்டுச் சரளைச் சாலைகளுக்கு வேறு தொல்லை. தகரக் கூரை போல அலை அலையாக மேடு பள்ளம் விழும். சின்ன மேட்டில் ஏறும் சக்கரம் லேசாகத் துள்ளி இறங்கும். இறங்கும் இடத்தில் மண்ணைத் தள்ளி அடுத்த மேட்டை உண்டாக்கும். ஆமை வேகத்தில் போனால் மேடே உண்டாகாது. யார் அப்படிப் போவார்கள்? கிரேடர் இயந்திரம் வந்து அவ்வப்போது சுரண்டிச் சமப்படுத்த வேண்டியதுதான்.

கனரக லாரிகள் ஓடும் பெருஞ்சாலைகளுக்குத் தார்தான் தேவை. பி1 சாலை தெற்கே தென்னாப்பிரிக்க எல்லையில் தொடங்கி, தலைநகர் விண்ட்ஹோக் வழியாக வடக்கே அங்கோலா எல்லை வரை ஓடுகிறது. அதிலிருந்து பிரியும் பி2 மேற்கே வால்விஸ் பே துறைமுகத்துக்குப் போகிறது. பெயருக்குத் 'திமிங்கில வளைகுடா' என்று பொருள்.

அண்டை நாடுகளான போட்ஸ்வானாவுக்கும் சாம்பியாவுக்கும் கடலே கிடையாது. அதனால்தான் இந்தத் துறைமுகத்துக்கு அவ்வளவு மவுசு. 1998-இல் திறந்த டிரான்ஸ் கலஹாரி நெடுஞ்சாலை இங்கிருந்து போட்ஸ்வானாவின் கலஹாரிப் பாலைவனத்தைக் கடந்து தென்னாப்பிரிக்கா வரை போகிறது. மொத்தம் சுமார் 1,900 கிலோமீட்டர். 2004-இல் சாம்பியா எல்லையோர ஊரான கட்டிமா முலிலோவில் ஜாம்பெசி ஆற்றின்மேல் பாலம் வந்தது. சாம்பியாவின் செம்பு லாரிகளில் அந்த வழியாகவும் கடலுக்கு வருகிறது.

கடலோரத்தில் ஸ்வாகோப்முண்டிலிருந்து ஹென்டிஸ் பே வரை இப்போது தார் வந்துவிட்டது. அதற்கு வடக்கே இன்னும் உப்புச் சாலைதான். பனி இறங்கிய காலையில் அது சோப்புத் தரை போல வழுக்கும். ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் போவார்கள்.