காய்ச்சல் விட்டாலும் சிறுநீரைக் கவனியுங்கள்



காய்ச்சல்காரர் ஒருவரை என்னிடம் அழைத்து வரும்போது வீட்டார் சொல்லும் செய்திகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ராத்திரியெல்லாம் அனல் மாதிரி கொதிச்சது", "சாப்பிடவே இல்லை", "உடம்பெல்லாம் வலிங்கிறாரு." இவற்றையெல்லாம் தவறாமல் சொல்வார்கள். ஆனால் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சிலர் வெட்கப்படுவார்கள். "அதை யாருங்க ஐயா கணக்குப் பார்த்தா?" என்பார்கள்.

அந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லவே இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

நான் கேட்கத் தவறிய கேள்வி

சில வருடங்களுக்கு முன் நடந்தது. பால் வெட்டும் தொழிலாளி ஒருவர், நாற்பதைத் தாண்டியவர். இரண்டு நாள் காய்ச்சலோடு என்னிடம் வந்தார். காய்ச்சலைப் பார்த்தேன், வாந்தி உண்டா என்று கேட்டேன், மாத்திரை கொடுத்தேன். மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. உடம்பு வலி தாங்காமல் வெளியே ஓரிடத்தில் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு, வலி மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அவரும் பெரட்டுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி ஓடி வந்தார். "காய்ச்சல் இல்லீங்க ஐயா, ஆனா எழுந்திருக்கவே முடியலைங்கிறாரு. நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணுக்கே போகலைங்க."

போய்ப் பார்த்தேன். கை கால் ஜில்லென்று இருந்தது. நாடி வேகமாகவும் மெல்லியதாகவும் ஓடியது. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டிங்கிக் காய்ச்சல் என்று உறுதியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தார். இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்தியிருந்ததால் பல நாள் மிஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்து வந்தார்.

முதல் நாளிலேயே "ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" என்று நான் கேட்டிருந்தால், கவனிக்க வேண்டிய விஷயம் அது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அரை நாள் முன்னாலேயே வந்திருப்பார். அன்று முதல் காய்ச்சல் என்று வரும் ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை.

சிறுநீரகம் ஏன் நின்று போகிறது?

நம் முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கைப்பிடி அளவுதான். ஆனால் இருதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, வேண்டியதையெல்லாம் திரும்ப உடம்புக்குள் அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் கழிவாக வெளியேற்றுகின்றன.

இந்த வடிகட்டி வேலை செய்ய ரத்தம் போதிய வேகத்தில் வந்து பாய வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் ஆலை நிற்பது போல, ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகமும் நின்றுவிடும்.

டிங்கியில் நடப்பது இதுதான். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், சிலருக்கு மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். ரத்தத்தில் உள்ள நீர் குழாயை விட்டு நெஞ்சுக் கூட்டிலும் வயிற்றிலும் போய்த் தேங்கும். குழாய்க்குள் ரத்தம் கெட்டியாகி, அளவும் குறைந்துவிடும். அப்போது உடம்பு மூளையையும் இருதயத்தையும் காப்பாற்ற, மற்ற உறுப்புகளுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. முதலில் பாதிக்கப்படுவதில் சிறுநீரகமும் ஒன்று. ஆகையால்தான் சிறுநீர் குறைவது, ஆபத்து வருவதை முன்கூட்டியே சொல்லும் அடையாளமாகிறது.

இந்தக் கசிவு 24 மணி முதல் 48 மணி நேரம் வரை இருக்கும். "காய்ச்சல் விட்டுப் போச்சு" என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்த நேரம்தான் மிக ஆபத்தான நேரம்.

வலி ஊசியும் வலி மாத்திரையும்

நம்மில் பலருக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. வோல்டாரன், பொன்ஸ்தான், புரூபன், ஆஸ்பிரின் போன்றவை சாதாரண நாளில் வலிக்கு உதவலாம். டிங்கி சந்தேகம் இருக்கும்போது இவை கூடவே கூடாது.

காரணம் இரண்டு. ஒன்று, இவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். இரண்டு, ரத்தம் குறையும் காலத்தில் சிறுநீரகத்தின் வாசலைத் திறந்து வைக்க உடம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது. இந்த மருந்துகள் அந்தப் பொருளைத் தடுத்துவிடும். ஏற்கெனவே தண்ணீர் குறைந்த வாய்க்காலின் மடையையும் அடைத்தால் என்ன ஆகும்?

பனடோல் மட்டும் போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

டிங்கி மட்டும்தானா?

இல்லை. வைரஸ் கிருமியால் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போகும் எந்த நோயாளிக்கும் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

2003-இல் ஹாங்காங்கில் சார்ஸ் நோய் கண்ட 536 பேரை ஆராய்ந்ததில், 36 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதானது. அந்த 36 பேரில் 33 பேர் இறந்துவிட்டார்கள். 2020-இல் கோவிட்-19 நோய்க்காக நியூயார்க் மருத்துவமனைகளில் சேர்ந்த 5,449 பேரைக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 36 பேருக்கு மேல் சிறுநீரகப் பாதிப்பு. மூச்சு மிஷின் வைக்கப்பட்டவர்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேர். நுரையீரல் நோய் என்று நாம் நினைத்தது சிறுநீரகத்தையும் விட்டு வைக்கவில்லை.

நம் ஈப்போ பக்கமே ஒரு சான்று உண்டு. 1998 செப்டம்பர் கடைசியில் கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களிடம் தொடங்கி நெகிரி செம்பிலான் வரை போன நிப்பா நோயை மறந்திருக்க மாட்டீர்கள். 1999 வரை 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொண்டுபோனது. அது முக்கியமாக மூளையைத் தாக்கும் நோய். ஆனாலும் நோயாளிகளின் சிறுநீரில் அந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். இறந்தவர்களின் சிறுநீரகத்திலும் சேதம் தெரிந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால் எந்த உறுப்பும் தப்பாது.

நிப்பா அபூர்வம். டிங்கி அப்படியல்ல. 2019-இல் மட்டும் நம் நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி கண்டு 182 பேர் இறந்தார்கள். வெட்டாமல் விட்ட கித்தா மரங்களில் தொங்கும் மங்குகளில் மழைத்தண்ணீர் நின்றால் அதுவும் கொசுவுக்குத் தொட்டில்தான். லயத்தில் இருந்தாலும், தோட்டம் விற்கப்பட்டு ஈப்போ அடுக்கு வீட்டுக்குக் குடிபோயிருந்தாலும், கொசு நம்மை விடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலும் டிங்கி போலவே தொடங்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அது வைரஸ் அல்ல, பாக்டீரியா. அதற்கு வேறு மருந்து உண்டு. ஆகையால் கால்வாயிலும் சேற்றிலும் வேலை செய்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. காய்ச்சல் கண்ட நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். இரண்டாம் நாளிலும் காய்ச்சல் இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மறுபடி வரச் சொன்னால் தவறாமல் போங்கள்.

2. சிறுநீர் கழிக்கும் நேரத்தை எழுதுங்கள். நாலு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது போக வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு 180 மில்லி, அதாவது ஒரு டம்ளருக்கும் குறைவு. அதுவும் வரவில்லை என்றால் சிறுநீரகம் தத்தளிக்கிறது என்று பொருள்.

3. நிறத்தைப் பாருங்கள். தேத்தண்ணி நிறமாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் உடனே மருத்துவமனை.

4. வெறும் தண்ணீர் மட்டும் போதாது. கஞ்சித் தண்ணி, பார்லி, இளநீர், பழச்சாறு, உப்புக் கரைசல் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பெரியவர்களுக்கு நாளைக்கு ஐந்து டம்ளருக்கு மேல் வேண்டும். இனிப்பு நீர், இருதய நோய், ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எதை, எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள். தினமும் சாப்பிடும் மருந்தையும் அவரிடம் காட்டுங்கள்.

5. கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் குளிர்தல், அளவு மீறிய அசதி, மனக் குழப்பம் இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம். நடு இரவானாலும் புறப்படுங்கள்.

பப்பாளி இலைச் சாறு பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது ரத்தத் தட்டுகளைக் கூட்டலாம் என்று 2013-இல் நம் நாட்டு ஆய்வு ஒன்று சொன்னது. ஆனால் குழாய்க் கசிவை அது நிறுத்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சாற்றை நம்பி வீட்டில் படுத்திருக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில்

"டிரிப் ஏத்திக்கிட்டே இருந்தா சரியாயிடுமே" என்று சிலர் நர்சுகளிடம் சண்டை போடுகிறார்கள். அப்படியல்ல. கசிந்த நீர் பிறகு ரத்தத்துக்கே திரும்பி வரும். சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாவிட்டால் நுரையீரலில் தண்ணீர் கோத்து மூச்சு முட்டும். அதனால்தான் மணிக்கு மணி சிறுநீரை அளந்து பார்த்து டிரிப்பைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள்.

மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் பயந்து மறுக்காதீர்கள். "ஒரு தடவை வெச்சா ஆயுசுக்கும் வைக்கணும்" என்பது எல்லாருக்கும் பொருந்தாது. உயிர் பிழைத்தவர்களில் பலருக்குச் சிறுநீரகம் மீண்டும் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆனால் வீடு திரும்பிய பிறகு சுமார் மூன்று மாதத்தில் கிரியேட்டினினை மறுபடி சோதிக்க வேண்டும். சேதம் மிச்சமிருந்தால் அது வெளியே தெரியாது.

கடைசியாக ஒன்று. "வேலைக்குப் போகலைன்னா சம்பளம் போயிடுமே" என்ற பயத்தில்தான் பலர் காய்ச்சல் விட்ட அன்றே பெரட்டுக்கு ஓடுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. இது யாரும் போடும் பிச்சையல்ல, நம் உரிமை. மருத்துவர் எம்.சி. கொடுத்தால் வீட்டில் படுத்து ஓய்வெடுங்கள்.

அந்தத் தொழிலாளி இன்றும் நலமாக இருக்கிறார். வருடா வருடம் சிறுநீரகச் சோதனைக்குப் போய் வருகிறார். தோட்டத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர் மனைவி முதலில் போய்க் கேட்பது, "ஒண்ணுக்குப் போனியா, எத்தனை தடவை?" என்றுதான். வெட்கப்படாமல் நீங்களும் கேளுங்கள்.