மீனுக்கு முன்னே நீர்

அமராவதி ஆற்றங்கரையிலே அமைந்த கொமரலிங்கத்து நேயர்களுள் எவரேனும், சென்னைக் கொளத்தூரிலிருந்து வெளியூர்களுக்குச் செல்லும் வண்ண மீன்களின் வனப்பிலே மனம் பறிகொடுத்து, இல்லத்தில் ஒரு நன்னீர்த் தொட்டி அமைக்க விரும்புவாராயின், தொட்டி வாங்கிய தினத்திலேயே மீனையும் வாங்கும் ஆவலை முதற்கண் அடக்கிக்கொள்வது உசிதம்.

மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா விஷமாகும். அதனை நைட்ரைட்டாகவும், அதுவும் விஷமே ஆதலால், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றவல்ல சூக்ஷ்மமான பாக்டீரியாக்கள், வடிகட்டியின் பஞ்சிலும் அடியிலுள்ள கூழாங்கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. விற்பவர்கள் இதனைச் சொல்வது அபூர்வம். அதுவரை, மீனில்லாத தொட்டியில் மோட்டாரை ஓடவிட்டு, சிட்டிகையளவு மீன் உணவை இட்டு வந்தால், அந்நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆகாரம் அதிலிருந்தே கிட்டும். பழகிய தொட்டியொன்றின் பஞ்சில் சிறிது இரவல் கிடைக்குமானால் காலம் இன்னும் குறையும். குளோரின் கலந்த குழாய் நீரை ஒரு நாள் திறந்துவைத்த பின்னரே ஊற்றுக. பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசுக. பிறகு சில கப்பி மீன்களோடு தொடங்கலாம்.

வளர்ப்பு சலித்துப்போனால், மீன்களை ஆற்றில் விடுவது மட்டும் தகாது. 1952-இல் நம் தேசத்துக்குக் கொணரப்பட்ட ஜிலேபி மீன் அமராவதி அணையிலும் பல்கிப் பெருகியதை இவ்வட்டாரத்தார் அறிவர். ஆகவே, வேண்டாத மீன்களை வளர்க்க விரும்பும் மற்றொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.