மேலே மெட்ரோ, கீழே திரிசூலம்
தண்டவாளத்தோரம் – 23

திருவக்கரைக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, பௌர்ணமி நள்ளிரவில் வக்ரகாளியம்மன் கோயிலில் காட்டும் ஜோதி. இன்னொன்று, கல்லாகிப்போன மரங்கள். இங்கிருந்து கிளம்புகிறவர்களின் காரணங்கள் வேறு. மயிலம், வானூர், திண்டிவனம் பக்கம் துபாய்க்கோ குவைத்துக்கோ ஆள் அனுப்பிய வீடுகள் நிறைய. அவர்களுக்கு ஏர்போர்ட் என்றால் மீனம்பாக்கம்தான். புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் 2024 டிசம்பரில் அங்கே மறுபடி தொடங்கிய விமானங்கள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போகிறவை. வளைகுடாவுக்குப் போக அது உதவாது.

மீனம்பாக்கத்தில் விமான நிலையத்துக்கென்றே தூண்களின் மேல் ஒரு மெட்ரோ நிலையம் உண்டு. சின்னமலையிலிருந்து கிண்டி, ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம் வழியாக வரும் உயர்பாதை அங்கே முடிகிறது. 2016 செப்டம்பர் 21 அன்று திறந்தார்கள். உள்நாட்டு முனையத்துக்கும் பன்னாட்டு முனையத்துக்கும் நடுவே, வாசலுக்கு எதிரிலேயே நிற்கிறது. இறங்கினால் கூரை போட்ட நடைபாதை; சில இடங்களில் அது தானே நகரும். மழையில் நனையாமல், ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் உள்ளே போய்விடலாம். அண்ணா சாலையிலோ வண்ணாரப்பேட்டையிலோ குடியிருப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் திண்டிவனத்தில் ரயில் ஏறுகிறவர் தெற்கிலிருந்து வருகிறார். விமான நிலையம் அவருக்கு நகரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. மெட்ரோ பிடிக்க வேண்டுமானால் ஏர்போர்ட்டைத் தாண்டிக் கிண்டியிலோ எழும்பூரிலோ இறங்கி, வந்த திசையிலேயே திரும்பிப் போக வேண்டும். ஒருவரும் அப்படிச் செய்வதில்லை. தாம்பரத்தில் இறங்கி எலக்ட்ரிக் ட்ரெயின் மாறுகிறார்கள். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம்.

திரிசூலம் தரையிலேயே இருக்கும் சின்ன நிலையம். விமான நிலையத்துக்கு நேர் எதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு மறுபக்கம். 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் தடத்தில் இருக்கிறது. அங்கிருந்து சப்வே வழியாகச் சாலையைக் கடக்க வேண்டும். தூரம் பெரிதில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குத் துணிமணி, ஊறுகாய், இட்லிப் பொடி எல்லாம் அடைத்த பெட்டியோடு, வழியனுப்ப வந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு படி இறங்கி ஏறும்போதுதான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

தெற்கிலிருந்து வரும் ரயிலை அப்படியே மேலே மெட்ரோ பாதையில் ஏற்றிவிட முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. திண்டிவனம் ரயிலும் தாம்பரம் லோக்கலும் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடுபவை. மெட்ரோவின் பாதை 1,435 மில்லிமீட்டர். ஆகவே தண்டவாளங்கள் சேர வழியில்லை. சேர வேண்டியது நிலையங்கள். ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டே போகும்படி லிஃப்டும் பாலமும் இருந்தால் போதும்.

விமான நிலையத்துக்கு ரயில் விடுவதில் எல்லா ஊரும் ஒரே அளவு கெட்டிக்காரத்தனம் காட்டவில்லை. லண்டன் சிட்டி விமான நிலையத்துக்கு 2005 டிசம்பரில் இலகு ரயில் வந்தது. தூண்மேல் நிற்கும் நிலையம் முனையத்தை ஒட்டியே இருக்கிறது. கொல்கத்தாவில் 2006-ல் டம்டம் கன்டோன்மென்டிலிருந்து விமான் பந்தருக்கு உயர்பாதை போட்டு, புறநகர் ரயில் விட்டார்கள். கூட்டம் சேரவே இல்லை. 2016-ல் மூடி, பிறகு இடித்தும்விட்டார்கள். இப்போது அங்கே மெட்ரோ நிலத்தடியில் போகிறது. தூண் எழுப்பி நிலையம் கட்டுவதைப் போலவே, பயணி எங்கிருந்து எத்தனை மணிக்கு வருகிறார் என்று கணக்குப் போடுவதும் வேலைதான். கொல்கத்தா அந்தக் கணக்கில்தான் தவறியது என்பது என் எண்ணம்.

நேரக் கணக்கில் சென்னையும் இன்னும் தேறவில்லை. மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியோடு நின்றுவிடுகிறது. வளைகுடா விமானங்கள் பலவும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வந்து போகிறவை. இரண்டரை மணிக்கு இறங்கி, பெட்டி வர மூன்றாகி வெளியே வருகிறவருக்கு மேலே மெட்ரோ நிலையமும் மூடியிருக்கும், கீழே லோக்கலும் இருக்காது. அதனால்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் கார் பேசிவிடுகிறார்கள். போக ஏறக்குறைய 120 கிலோமீட்டர், வர அதே அளவு. முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு ஜி.எஸ்.டி. சாலையிலேயே கரைகிறது. பணக்காரத் தோரணை என்று அதைக் கேலி செய்கிறவர்கள், மூன்று மணிக்கு அந்த வாசலில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் இந்த இடைவெளி இன்னும் கண்ணில் படுகிறது. முன்பு கோயம்பேட்டிலிருந்து கிளம்பிய தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது அங்கிருந்து கிளம்புகின்றன. கோயம்பேட்டின் வாசலில் மெட்ரோ இருந்தது. கிளாம்பாக்கத்தில் இல்லை. விழுப்புரம் பேருந்தில் வந்து இறங்குகிறவர் விமான நிலையம் போக மாநகரப் பேருந்தையோ ஆட்டோவையோ தேட வேண்டும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் மெட்ரோவை நீட்டத் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. 13 நிலையங்கள், மதிப்பீடு 9,335 கோடி ரூபாய். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே போகும் தடம்.

அது வந்தால் மீனம்பாக்கத்து நிலையம் கடைசி நிறுத்தமாக இருக்காது. தெற்கிலிருந்து வருகிறவருக்கும் அது வழியில் வரும். அதற்கு ஆகும் வருடங்கள் ஆகட்டும். முதல் வண்டியை மூன்று மணிக்கு விடுவதற்கும், திரிசூலத்தில் பெட்டியோடு ஏற இறங்க வசதி செய்வதற்கும் 9,335 கோடி தேவையில்லை.

(அடுத்த வாரம்: தாம்பரத்தில் ரயில் மாறுகிறவர்கள்)