அஞ்சு ரோட்டுல ஒரு ரவுண்டு போதுமா பாஸ்?

வீட்டுல புது கார் வாங்கப் போறாங்களா? சேலம் அஞ்சு ரோட்டுல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு 'வண்டி சூப்பர்'னு அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க பாஸ்! 'ஏற்காடு வரை ஓட்டிப் பார்க்கலாமா?'னு கேளுங்க. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். வீட்டு ஆளுங்களையும் ஏத்திக்கிட்டு, ஏ.சி.யைப் போட்டு ஏறுங்க. நேரான ஏத்தத்துல ஓரங்கட்டி, மறுபடி கிளப்புங்க; பின்னால உருளுதா?

மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறையறதால, டர்போ இல்லாத இன்ஜின் ஏறக்குறைய 15 சதவிகித சக்தியை இழந்துடும். (மெக்கானிக்கல் பசங்க சொன்னா நம்புங்கப்பா!) இறங்கும்போது செகண்ட் கியர்தான். பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா, சூடேறி பிடிமானம் குறைஞ்சுடும்.

எங்க அப்பா பி.எஃப். பணத்துல வாங்கின கார், அஞ்சு பேரோட ஏழாவது வளைவுலயே திணறுச்சு. நானும் தம்பியும் இறங்கி நடந்தோம். அப்பா எதுவுமே பேசலை.